தொப்பிக்குள் பூத்தது

என் அண்ணன் எராக்லியோ மொன்ரியாலின் தலையில் செடி முளைத்தது, கோதுமை கதிர்விட்டிருந்த பிப்ரவரியில். எங்கள் பிடிகீடோ ஊரைச் சுற்றிய பாலைமேடெங்கும் மண்டிக் கிடக்கும் அதே இன்சியென்சோதான்; சாம்பல் பூசியது போன்ற இலை, ஒடித்தால் பிசின். பல்வலி வந்தால் ஊரில் எல்லோரையும் போல அவரும் அந்தப் பிசினைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். அந்த வருஷம் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். மற்றவர்களுக்கென்றால் வயிற்றைக் கலக்கியிருக்கும். அவருக்கு உச்சந்தலையில் வேர்விட்டது. வலி ஒன்றுமில்லை. அண்ணி ரெஃபுஹியோ கத்தரித்துப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் இரட்டையாகத் துளிர்த்தது. பிறகு உயரமான தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார், சாப்பாட்டு மேசையிலும் கழற்றவில்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. அண்ணன் மகள் ஒதிலியாவைப் பெண் கேட்டு பொஹோர்கேஸ் வீட்டார் வருவதாக இருந்தார்கள். பெண் கேட்டு வருபவர்கள் முன் வீட்டுத் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். கழற்றாவிட்டால் சம்மதமில்லை என்று பொருள். ஒதிலியாவோ அந்த வீட்டுப் பையனைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்றிருந்தாள்.

"சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் அண்ணி.

"பொய் சொல்லிப் பொண்ணு குடுக்குற குடும்பமாடி இது?" என்றார் அண்ணன். எங்கள் குடும்பம் அப்படிப்பட்டதல்ல.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பிரிஹிதாவை மரியாதைக்குத் ‘தோன்யா’ சேர்த்துத்தான் அழைப்பார்கள்; அவள் வாய்க்கு ஊரே பயப்படும். காபியைக் குடித்து முடித்துக் கேட்டாள்:

"என்ன தோன் எராக்லியோ, தொப்பிய தலையோட சேத்துத் தச்சுட்டாங்களா? இல்ல, எங்களப் புடிக்கலையா?"

சமையலறை வாசலில் ஒதிலியா வந்து நின்றாள். அண்ணன் எழுந்தார், முதுகை நிமிர்த்தினார், தொப்பியைக் கழற்றினார். மஞ்சள் பூக்கள் ஒரு முழ உயரத்துக்கு எழுந்து ஆடின. உள்ளேயிருந்து இரண்டு தேனீக்கள் வெளியேறின.

பிரிஹிதா கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் தலையில பொடுகுதான் வருது. குடுத்து வெச்சவரு நீங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. பெண்ணைக் கோயிலுக்கு அண்ணன் வெறுந்தலையோடுதான் அழைத்துப் போனார். இப்போதெல்லாம் நாவிதர், பூ ஓய்ந்த பிறகே அவருக்கு முடி வெட்டுகிறார். கோடையில் இலை கொட்டுவதால், வீடு பெருக்கி முடியும்வரை அண்ணி அவரை முற்றத்திலேயே உட்கார வைக்கிறாள்.