தடைக்காலத்துக் கம்ப்யூட்டர்

மெஹர்னிசாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்தித் தொலைத்தால்தான் அன்றைக்கே தீர்ந்துபோகுமே. அவளுடையது ஊறப்போடுகிற ரகம். ஜாடிக்குள் உப்புப் போட்டு வைத்த மாங்காய் மாதிரி வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அப்படி ஊறிக் கிடந்த ஒரு கோபம், பழவேற்காட்டில் அவள் வீட்டு முன்னறையில், பழைய துப்பட்டா போர்த்திய கம்ப்யூட்டராக உட்கார்ந்திருந்தது.

அதை வாங்கி வந்தவர் அவள் புருஷன் நூர் அகமது. அப்போது அவருக்குப் படகுத்துறைப் பக்கம் போட் இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பில் போடலாம் என்று யாரோ சொல்ல, சென்னையில் செகண்ட் ஹேண்டில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லுகிற மனுஷன். கீபோர்டில் தன் பேரின் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் தடவினார். மெஹர்னிசா பக்கத்தில் உட்கார்ந்து சும்மா தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கடை பில்லில் ஆரம்பித்து, தெருவில் வேலைக்கு மனுப் போடும் பையன்களுக்கெல்லாம் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிற அளவுக்குப் போனாள். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் பசி தெரியாது அவளுக்கு.

அதுதான் வம்பாய்ப் போனது. கடை நொடித்து, ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்து அவர் கிளம்ப இருந்த சமயம். அடுப்பில் கொதித்த மீன் ஆணம் வற்றி அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. இவளோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். “நான் போறேன். நீ இந்த டப்பாவக் கட்டிக்கினு குடும்பம் நடத்து” என்றார் அவர். கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு, முன்னறையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் கேட்டது. இவள் எட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டரின் மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளும் என்னவென்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் போன மறுநாள் சுவிட்சைப் போட்டாள். உள்ளே ஃபேன் சுற்றியது. பீப் பீப் பீப் என்று ஓயாமல் கத்தியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டியைக் கொன்றுவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். துப்பட்டாவைப் போர்த்தியவள்தான், அதற்கப்புறம் திறக்கவில்லை.

அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. லீவில் வரும்போதெல்லாம், அவள் அடுப்படியில் இருக்கிற நேரம் பார்த்து அந்த மூடியைக் கழற்றி என்னவோ செய்துவிட்டுப் பூட்டுவார். செத்த பாம்பை எத்தனை தடவைதான் அடிப்பார் இந்த மனுஷன் என்று மெஹர்னிசா பல்லைக் கடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் போன் பண்ணினால், “நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. வெச்சிடட்டா?” இந்த மூன்றுக்கு மேல் அவள் வாயிலிருந்து நாலாவதாக ஒரு வார்த்தை வராது. இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு ஏஞ்சல் ஒரு நாள் இரவல் வாங்கிய இட்லிப் பானையைத் திருப்பித் தர வந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனியில் சால்டரிங் வேலை அவளுக்கு. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் புடைத்து நீலம் பாரித்திருந்தது.

“அக்கா, துணி போட்டு மூடினு கீறியே, இன்னாது அது? டிவியா?”

“கம்ப்யூட்டரு. செத்துப்போச்சு.”

ஏஞ்சல் பானையை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உனக்கு டைப் தெரியுமா அக்கா? எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல டைப் தெரிஞ்ச பொண்ணு வோணும்னு சொல்லிக்கினுகிறாங்க. உள்ள இருக்கிறவங்களையே எடுப்பாங்களாம். உக்காந்து செய்ற வேலக்கா. பொன்னேரில கிளாஸ் போலாம்னா ஷிப்ட்டு ஒத்து வரல. இத ரெடி பண்ணி நீ எனக்குச் சொல்லித் தாயேன். பேஜாரா கீது, கால் வுட்டுப்போச்சு.”

“மீஞ்சூர் கம்ப்யூட்டர் கடைக்காரன்கிட்ட சொல்லிப் பாத்தேன். இந்த மாடலுக்கு இனிமே ஒண்ணும் கிடைக்காது, காயலான் கடையில போடுங்கன்ட்டான்.”

“தொறந்து பாத்தானா?”

“அவன் எங்க தொறந்தான். பேரச் சொன்னதுமே சிரிச்சான்.”

“அப்ப நாம தொறப்போம்.”

 திறக்க மெஹர்னிசாவுக்குப் பயம். சந்தேகம் சந்தேகமாகவே இருக்கிற வரைக்கும் ஒரு புருஷனோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். உள்ளே அவர் செய்து வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எப்படி அந்த முகத்தைப் பார்ப்பது? ஆனால் ஏஞ்சலின் காலைப் பார்க்கப் பார்க்க, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. “வர்ற லீவுல வா” என்றாள்.

கரண்ட் பஞ்சத்தில் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பவர் ஹாலிடே விட்டிருந்த வருஷம் அது. ஏஞ்சலின் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையில், நாஷ்டா முடித்த கையோடு ஸ்க்ரூ டிரைவர், பெயிண்ட் பிரஷ், சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய போர்டு கழுவுகிற ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில் என்று வந்து நின்றாள். அவளுக்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டரை உள்ளே பார்த்துப் பழக்கமில்லை. போர்டின் ஒரு மூலையில் ஈயம் வைப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். அதைச் சொல்லாமல் தெம்பாகவே உட்கார்ந்தாள்.

ஸ்க்ரூ எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு வழியாக மூடியைத் தூக்கினார்கள். முதலில் வந்தது வாசனை.  அது நூர் அகமது கடையின் வாசனை.

உள்ளே பார்த்தால், ஒரே கிரீஸ். மஞ்சளாக, நெய் உறைந்த மாதிரி. மெமரி செருகுகிற இடம், கார்டு செருகுகிற இடம், ஒயர் மாட்டுகிற இடம் என்று ஒன்று விடாமல் அப்பியிருந்தது.

“பாத்தியா?” என்றாள் மெஹர்னிசா.  “ஒரு தடவ பூசினது போதாதுன்னு லீவுக்கு லீவு வந்து பூசியிருக்காரு. ஒரு பொம்பள ரெண்டு எழுத்து அடிச்சா இவருக்கு இன்னா குறைஞ்சு போச்சு? சொல்லு.”

ஏஞ்சல் விரலில் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள். “அக்கா, தப்பா நெனைக்காத. கெடுக்கணும்னு நெனைக்கிறவன் இவ்ளோ மெனக்கெடுவானா? ஒரு ஒயர அறுத்தா போதுமே. இது ஏதோ கொயந்திக்கு எண்ண தேச்சி வுட்ட மாதிரி கீது.”

“அந்த மனுஷனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. ஷார்ஜாவில் ஜும்மாவுக்கு இன்னும் நேரமிருந்தது. அன்றைக்கு என்னவோ முன்னாலேயே கூப்பிட்டிருந்தார். அவர் நலம் விசாரிப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

“கம்ப்யூட்டரத் தொறந்துட்டேன்.”

 அந்தப் பக்கம் வந்த குரலில் இருந்தது சந்தோஷம்தான். அதுதான் மெஹர்னிசாவுக்குப் புரியவில்லை.

“தொறந்துட்டியா? அல்ஹம்துலில்லாஹ். கிரீஸு கெட்டிப்பட்டு இருக்குமே. போன லீவுல பூசினது, வருஷம் ஆச்சே.”

“எதுக்குப் பூசினீங்க?”

“இன்னா கேள்வி இது? மீன்பிடித் தடைக்காலத்துல போட்டு கடலுக்குப் போவாது. இன்ஜின இறக்கி வெச்சா கிரீஸ் பூசாமயா வெப்பாங்க? உப்புக்காத்து மெஹரு. மனுசனையே தின்னுரும், இரும்ப வுடுமா? அன்னைக்கு கோவத்துல ஏதோ பேசிட்டேன். பெட்டி கட்டும்போதுதான் தோணுச்சு, நான் போயிட்டா இதுக்கு யாரு காவலுன்னு. நீ ஆசையா வெச்சிருந்த பொருளு. கடையில கடைசியா இருந்த ஃபாரின் கிரீஸ் டப்பாவ உடைச்சுப் பூசினேன்.”

“நான் மறுநாளே போட்டுப் பாத்தேன். ஓடல.”

“கிரீஸ தொடச்சியா?”

மெஹர்னிசா திறந்து கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கிரீஸ தொடைக்காம எவனாச்சும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணுவானா? இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். இன்ஜின் கடைக்காரன் பொண்டாட்டி நீ, உனக்குச் சொல்லணுமா?” கொஞ்சம் நிறுத்தினார். “வர்றப்பல்லாம் துணி போட்டு மூடியே கிடந்துச்சா... நான் வுட்டுட்டுப் போன கோவத்துல நீ அதையும் வெறுத்துட்டியோன்னு நெனச்சேன். கேட்டா அழுவியோன்னு கேக்கல. என்னைக்காவது தொறப்ப, அன்னைக்கு துரு புடிச்சிருக்கக் கூடாதுன்னு புதுசா பூசிட்டு வருவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அழுகையும் வந்தது. ஆறு வருஷத்துக் கோபத்தை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. “தொடச்சிட்டு மிஸ்டு கால் குடுக்கறேன்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இரண்டு பேருமாகத் துடைத்தார்கள். ஏஞ்சல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்துக் கழுவ, மெஹர்னிசா பழைய மல் துணியால் ஒற்றி எடுத்தாள். கிரீஸ் விலக விலக அடியில் தங்கப் பல் மாதிரி கம்பிகள் பளபளத்தன. பெட்டியின் தகரம் பொத்தல், ஸ்க்ரூ துரு. எதிர் வீட்டு டிவி இந்தக் காற்றுக்கு இரண்டு வருஷம் தாங்கவில்லை. கிரீஸ் பட்ட இடமெல்லாம் மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது. கம்ப்யூட்டரை ஓட விடாமல் பண்ணியதும் அந்த கிரீஸ்தான், இத்தனை நாள் காப்பாற்றி வைத்ததும் அதேதான். இந்த மனுஷனைத் திட்டுவதா கும்பிடுவதா என்று மெஹர்னிசாவுக்கு விளங்கவில்லை.

வெயிலில் காயவைத்து மாட்டி, சுவிட்சைப் போட்டால், பீப் பீப் பீப். ஏஞ்சலின் முகம் செத்துவிட்டது. அதோடு கரண்டும் போனது. அந்த வருஷத்துக் கரண்ட், சொல்லிவிட்டா போகும்? இருவரும் டீ குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். மெஹர்னிசா சும்மா இருக்கமாட்டாமல் மெமரியை மறுபடி கழற்றினாள். செருகுகிற பள்ளத்துக்குள் இன்னும் கொஞ்சம் கிரீஸ் பதுங்கியிருந்தது. மல் துணியை ஒரு தென்னங்குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, புருஷன் இன்ஜினின் சின்ன ஓட்டைகளைச் சுத்தம் பண்ணுவதைப் பார்த்த நினைப்பில் உள்ளே விட்டுத் துழாவி எடுத்தாள்.

கரண்ட் வந்தது. சுவிட்ச் போட்டாள். ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடியது. தேதி மட்டும் எந்தக் காலத்துத் தேதியோ காட்டி, எஃப்-ஒன் கீயை அமுக்கச் சொன்னது. அமுக்கினாள். மேகம் போட்ட பழைய படம் விரிந்தது. ஓரத்தில் அவள் அடித்து வைத்த பயோடேட்டாக்கள் அப்படியே இருந்தன.

ஏஞ்சல் அவளைத் தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மெஹர்னிசா மிஸ்டு கால் கொடுத்தாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் திரும்ப அடித்தது.

“ஓடுதா?”

“ஓடுதுங்க.”

“சத்தத்தக் கேக்க வை.”

போனைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தாள். அங்கே ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. போனைக் காதுக்குக் கொண்டுவந்தபோது அவர் சொன்னார்: “ஃபேன்ல புஷ்ஷு தேஞ்சிருக்கு. இப்போதைக்கு ஓடும். வந்து மாத்தித் தரேன்.”

“எப்ப வரீங்க?”

  

“ஆறு வருஷமா ஒரு வாட்டியாச்சும் இதக் கேப்பியான்னு பாத்துக்கினே இருந்தேன் மெஹரு” என்றார் நூர் அகமது.

“அக்கா, இதுல ‘ஏ’ எங்க கீது?” என்றாள் ஏஞ்சல் கீபோர்டைத் தடவிக்கொண்டே.

“இடது பக்கம் பாருமா” என்று சொல்லிவிட்டு, மெஹர்னிசா போனை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் ‘வெச்சிடட்டா’ என்று கேட்கவே இல்லை.