போயிட்டு வாரேன்

எங்கள் ஊரில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்களால் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் ‘போறேன்’ என்றுதான் வரும். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்புவதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பகலில் வீட்டில் எப்படி இருப்பார்கள்?

நான் வாக்குரிமைச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். நன்கொடையில் நடக்கிற சின்னச் சங்கம். மின்விசிறிகூட யாரோ கொடுத்ததுதான். நேரில் கேட்காமல் யார் பெயரையும் நீக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. அதுவரை சும்மா இருக்க மனமில்லாமல், பெயர் நீக்கப்பட்ட பால்காரர் சுயம்பு வெளியூர் கிளம்பியபோது அவருக்குப் பதிலாக நான் ‘போயிட்டு வாரேன்’ சொன்னேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கு நான்தான் திரும்பி வந்தேன். அவர் மனைவி காபி கொடுத்தார். சுயம்பு வரவில்லை.

சந்தனமாரியின் கணவர் தங்கக்கனியும் ‘போறேன்’ என்று சொல்லி உப்பளத்துக்குப் போனவர்தான். இப்போது சந்தனமாரியின் பெயரும் போய்விட்டது. மகள் இசக்கி வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு அம்மாவை வேலைக்கு விடவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் கேட்ட சட்டத்தின் முன்வரைவை ஆராயும் குழு எங்களை அழைத்தபோது சந்தனமாரியைக் கூட்டிப்போனேன். இசக்கியும் கூடவே வந்ததால் யாரிடமும் விடைபெற வேண்டியிருக்கவில்லை. எங்கள் சங்கத் தலைவர் வெகுநேரம் பேசினார். குழுவினர் பிஸ்கட் சாப்பிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் சந்தனமாரி எழுந்து கும்பிட்டாள்.

“போறேன்யா.”

குழுத் தலைவர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க.”

“போறேன்யா.”

“வரேன்னு மட்டுமாவது சொல்லுங்கம்மா.”

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அப்படியே அவளை அனுப்பிவைக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாடு வரவழைத்தார்கள். சட்டம் நிறைவேறும்வரை எல்லோரும் அந்த அறையிலேயே இருந்தோம். நிறைவேறியது என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பெயர் திரும்பக் கிடைத்த மறுநாள் சந்தனமாரி வாசலில் நின்று, “போயிட்டு வாரேன்” என்றாள். இசக்கி எழுந்து வழிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

பழைய நீக்கங்களுக்கும் சட்டம் பொருந்தும். தங்கக்கனியை நேரில் கேட்டாக வேண்டும் என்பதால், ஓர் அதிகாரி வந்து அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேளாவேளைக்கு இசக்கிதான் அவருக்குச் சோறு போடுகிறாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

நேற்று நானும் அங்கே இருந்தேன்.

“தங்கக்கனி இருக்காரா?” என்றார் அதிகாரி.

அடுப்படியில் இருந்த உப்பு ஜாடிக்குள்ளிருந்து, “இந்தா வாரேன்” என்று குரல் வந்தது.

இசக்கி ஜாடியின் மூடியை எடுத்துவைத்துவிட்டு, உலையில் இன்னொரு கைப்பிடி அரிசி போட்டாள்.