முப்பத்தொன்பது கம்பிகள்

"மச்சினன் கை வெச்சு உடைச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டேதான் பல் டாக்டர் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை ரிப்பேர் கடை மேசைமேல் இறக்கினார். யார் உடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவரிடம்தான் கோளாறு இருக்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம், அன்று டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். போன வருடம் டாக்டரிடம் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்.

"என்ன உடைஞ்சுது டாக்டர்?"

"ஹார்ட் டிஸ்க்ல பட்டையா ஒரு வயர் சொருகுவாங்கல்ல, அந்த இடத்துல. ரெண்டு பின் வளைஞ்சிருக்கு. ஒண்ணு அடியோட போச்சு. நானே எண்ணிப் பாத்தேன். நாப்பது இருக்கணும், முப்பத்தொம்பதுதான் இருக்கு."

எண்ணிப் பார்த்தது நிஜம். அந்தக் கதை நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது.

கிளினிக்கில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில்தான் பத்து வருட எக்ஸ்ரே படங்களும் இருந்தன. புது மெஷினில் அந்தப் புரோகிராம் ஓடாது என்பதால் அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். மனைவியின் தம்பி, முப்பது வயது, வாயில்லாப் பூச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் திறந்து தூசி துடைத்து மூடிவிட்டுப் போனான். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை டிஸ்க்கைக் காணோம் என்று திரையில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது.

மச்சினனைக் கூப்பிட்டால் வந்து சேர மத்தியானம் ஆகும். அடுத்தவர் வாயில் அரை மணி நேரம் பொறுமையாக வேலை செய்கிற மனிதருக்கு, தன் காரியம் என்றால் அரை நிமிடம் தாங்காது. தானே திறந்தார். லேசாகத் தளர்ந்திருந்த பட்டை வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். போக மறுத்தது. எழுந்து நின்று கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். உள்ளே ஏதோ நெரிகிற மாதிரி இருந்தது. அவசரமாக மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். போனில் மச்சினனிடம், "காலைலேர்ந்து ஓடல, வந்து பாரு" என்று மட்டும் சொன்னார். தான் திறந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஒன்றுமில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மச்சினன் வந்தபோது நாற்காலியில் பிரஸ் முதலாளி வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்தார். அவருடைய அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மச்சினனைப் பேசி முடித்திருந்தது. சிபாரிசு செய்ததும் டாக்டர்தான். அடுத்த வாரம் சேர வேண்டியது.

மச்சினன் பட்டை வயரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். "மாமா, ரெண்டு பின் வளைஞ்சிருக்கே" என்றான். டாக்டருக்கு முகம் சூடாகிவிட்டது. முதலாளியை அப்படியே விட்டுவிட்டு, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியோடு வந்து குனிந்தார். குண்டூசியைவிடச் சன்னமான கம்பிகள், இரண்டு வரிசை. ஒரு வரிசையில் நட்டநடுவில் ஓர் இடைவெளி. எண்ணினார். முப்பத்தொன்பது.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவருக்கு உடம்பு கூசும். வளைந்தது தன்னால் என்று தெரியும். ஆனால் ஒடிந்தது தன்னால் இல்லை, ஒடிந்த துண்டு எதுவும் விழவில்லையே. அப்படியென்றால் தூசி துடைத்தவன்தான் ஒடித்திருக்க வேண்டும். அந்த ஒரு கம்பியின் தலையில் தன்னுடைய இரண்டு கம்பிகளையும் ஏற்றிவிட்டார்.

"ஒடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி மூடி வெச்சுட்டுப் போயிருக்க. வந்து சொல்லணும்னு தோணல இல்ல? உன்ன நம்பி ஒரு பொருளக் குடுக்க முடியுமா? போற எடத்துலயும் இப்படித்தான் செய்வியா?"

குரல் வெளி அறைவரைக்கும் கேட்டது. மச்சினன் டார்ச்சை அணைத்தான்.

"சுத்தம் பண்றப்ப கை பட்டிருக்கும் போல மாமா. தெரியாம நடந்துருச்சு. மன்னிச்சிருங்க."

தன் கண்ணால் பார்க்காத குற்றத்தை அவன் ஒத்துக்கொண்டான். டாக்டருக்கு அது வசதியாகப் போய்விட்டது. பிரஸ் முதலாளி வாய் கொப்பளித்துத் துப்பினார். இரண்டாம் நாள், இப்போதைக்கு ஆள் தேவைப்படவில்லை என்று சொல்லியனுப்பினார். மச்சினன் ஒரு பெயிண்ட் கடையில் டின் தூக்கப் போய்விட்டான். அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. டாக்டரின் மனைவி சண்டை போடவில்லை. "சின்ன வயசுல ஒரு ரப்பரத் தொலைச்சாக்கூட அவனா வந்து சொல்லிருவான்" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். டாக்டர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ரிப்பேர் கடையில், கடைக்காரம்மா பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து டிஸ்க்கின்மேல் நிறுத்தினார். பிறகு பேனா டப்பாவிலிருந்து ஒரு மைக்ரோடிப் பென்சிலை எடுத்து, உள்ளே இருந்த சன்னமான கரிக்குச்சியைத் தட்டி வெளியே எடுத்தார். பென்சிலின் வெறும் மூக்கை வளைந்த கம்பியின்மேல் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். ஒரே தடவையில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் என்றார். முதல் கம்பி நின்றது. இரண்டாவதும் நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த ஒடிஞ்ச பின்னுக்கு என்ன பண்றது?" என்றார் டாக்டர்.

"எது ஒடிஞ்சது?"

"நடுவுல, அங்க காலியா இருக்கே."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "இது ஒடிஞ்சதில்ல டாக்டர். பிறவியிலேயே இல்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. கடைக்காரம்மா அலமாரியிலிருந்து பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். நடுவில் அதே இடைவெளி. இன்னொன்று, வேறு கம்பெனி. அதே இடைவெளி. மூன்றாவதை டாக்டரே எடுத்துப் பார்த்தார்.

"வயர்லயும் அதுக்கு நேரா ஒரு ஓட்டைய அடைச்சிருப்பாங்க. தலைகீழா சொருகினா போகக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. போகலன்னா நிறுத்திட்டுத் திருப்பிப் பாக்கணும். இத யாரோ தலைகீழாப் பிடிச்சு, போகலன்னு தெரிஞ்சும் முரட்டுத்தனமா அழுத்தியிருக்காங்க. அதுல வளைஞ்சதுதான் ரெண்டும்."

வாரத்துக்கு ஒரு தாயாவது டாக்டரிடம் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவாள். கூட விளையாடினவன் தள்ளிவிட்டதில் பல் போய்விட்டது என்பாள். ஈறைத் தடவிப் பார்த்து, தழும்பு இல்லை, வேர் இல்லை, இந்தப் பல் பிறவியிலேயே முளைக்கவில்லை, யாரையும் திட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம். ஒடிந்திருந்தால் அடிக்கட்டை தெரிய வேண்டாமா? கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்த மனிதர் அந்த இடம் வழவழவென்று இருந்ததைப் பார்க்கவே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தார், அதுதான் அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது.

"பாவம், மச்சினனை நல்லா ஏசியிருப்பீங்க" என்றார் கடைக்காரம்மா.

"இல்லல்ல. சும்மா ரெண்டு வார்த்த" என்று வாய் தானாகச் சொல்லியது. சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. கடைக்காரம்மா வயரைச் சரியாகச் சொருகி இயக்கியதும் டிஸ்க் ஓடத் தொடங்கி, திரையில் யாருடைய தாடையோ வெள்ளையாக வந்து நின்றது. அதைக்கூடச் சரியாகப் பார்க்காமல், அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று இறங்கிவிட்டார்.

வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். அவனைத் தனியாகக் கூப்பிட வேண்டும். இல்லாத கம்பி விஷயத்தை மட்டும் சொன்னால் போதும். இரண்டு பேருக்குமே தெரியாமல் நடந்த தப்பு என்று ஆகிவிடும். வளைந்தது எப்படி என்று அவன் கேட்க மாட்டான். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஓட்டை தேடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை.

பெயிண்ட் கடை வாசலில் மச்சினன் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தான்.

"அக்கா நல்லாத்தான இருக்கா?"

"நல்லாருக்கா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்ள. அந்தப் பின்னு ஒடியல. எல்லா டிஸ்க்லயும் அந்த எடத்துல பின்னே இருக்காதாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மச்சினன் ஓரடி கிட்டே வந்தான்.

"அப்ப நான் ஒடிக்கலையா மாமா?"

"இல்ல."

"நிஜமா ஒடிக்கலையா?" பெயிண்ட் படிந்த கையை வேட்டியில் துடைத்தான். "நம்ம கைக்கு நிதானம் போதாது, நமக்கு இந்த வேல ஆகாதுன்னு ஸ்க்ரூடிரைவர் செட்டக்கூடப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன்." பிறகு, டாக்டர் பயந்த கேள்வியையே கேட்டான். "அப்ப அந்த ரெண்டு பின் எப்படி வளைஞ்சுது?"

அவன் கண்ணில் சந்தேகம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தெரியல என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அதுதான் டாக்டரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் வளைச்சேன். நீ வர்றதுக்கு முன்னாடி நானே தொறந்து அழுத்தினேன். உன்னத் திட்டும்போதே எனக்கு அது தெரியும்."

மச்சினன் உள்ளே போய்க் கடை முதலாளியிடம் ஏதோ கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"பிரஸ்ஸுக்குப் போங்க மாமா. நான் இருக்கும்போதே சொல்லுங்க."

அச்சகத்தில் மெஷின்கள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி டாக்டரைப் பார்த்ததும் கையைப் பிடித்து, சத்தம் இல்லாத தன் அறைக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். டாக்டரும் ஓரடி எடுத்து வைத்தார். மச்சினன் நகரவில்லை. டாக்டர் நின்றார். நின்ற இடத்திலேயே, மெதுவாக, விஷயத்தைச் சொன்னார்.

முதலாளி காதில் கையை வைத்தார். "என்ன டாக்டர்? ஒண்ணும் கேக்கல."

கிளினிக்கில் அன்று எவ்வளவு கத்தினாரோ அவ்வளவு கத்த வேண்டியிருந்தது.

"இவன் எதையும் ஒடிக்கல. வளைச்சது நான். பழியத் தூக்கி இவன் மேல போட்டேன்."

காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மச்சினனைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே தம்பி" என்றார்.

"வேல கேட்டு வரல சார்" என்றான் மச்சினன். "இவர் சொன்னத நீங்க கேக்கணும்னுதான் வந்தேன்."

டாக்டர் பக்கம் திரும்பி, "போலாம் மாமா, கடையில ஆள் இல்ல" என்றான்.