சுவரின் தடிப்பு

ஜெயமலர் அந்தக் கட்டடத்தை மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் கணக்கு இடித்தது. வெளியே முன்பக்கம் நாற்பத்திரண்டு அடி. உள்ளே அறைகளையும் இடைச்சுவர்களையும் கூட்டினால் முப்பத்தொன்பதரைதான் வந்தது. மிச்சம் இரண்டரை அடியும் இரண்டு பக்கச் சுவர்களுக்குள் இருந்தாக வேண்டும். ஒரு சுவர் பதினைந்து அங்குலம்.

நகரத்தின் ஓரத்தில், ரூஜ் பக்கம், புது வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தியில் நின்றது அந்தப் பப், குடிக்கவும் தங்கவும் ஆட்கள் வந்த பழைய தவறணை. முன்பு அது ஒரு கிராமத்துச் சந்தி. நகரம் வந்து கிராமத்தை விழுங்கிவிட்டது, பப் மட்டும் போன வருடம் வரை நடந்தது. இப்போது வாங்கியவர் அதை இடித்து, சுவரோடு சுவர் ஒட்டிய பதினெட்டு ரவுன்ஹவுஸ் கட்டப் போகிறார். கட்டடம் 1928இல் செங்கல்லால் கட்டியது, மரபுரிமைப் பெறுமதி எதுவும் இல்லை என்று நகரசபைக்கு அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு வரைபடம் கீறத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

கதவோரத்துப் பழைய சுவிட்சின் மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தாள். உள்ளே செங்கல்லைக் காணவில்லை. பலகைகளைப் படுக்கப் போட்டு, ஒன்று வெளியே ஒன்று உள்ளே தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அந்த இடுக்குகளைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புப் பூச்சு நின்றது. கல்லூரியில் ஒரு படத்தில் மட்டுமே அவள் அதைக் கண்டிருந்தாள். பக்கத்தில் மர ஆலையும் கைநிறையப் பலகையும் இருந்த காலத்து வேலை. நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது. செங்கல் பிற்காலத்தில் மேலே போட்ட சட்டை.

அஜின்கோர்ட்டில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்பி, முதலாளி சண்முகநாதனிடம் சொன்னாள். இந்த நாட்டில் அவளுக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர்.

"அண்ணை, உது இருபத்தெட்டிலை கட்டினதில்லை. முன்பகுதி முழுக்கப் பலகைச் சுவர்."

"நீர் அளக்கப் போனீரோ, சுவரைக் கிண்டப் போனீரோ?"

"அளவு பொருந்தேல்லை. அதுதான் பாத்தன்."

"ஆறு அங்குலமெண்டு கீறிவிடும். இடிக்கிற சுவர் எவ்வளவு தடிப்பெண்டு ஆருக்குத் தேவை?"

"அப்பிடிக் கீறேலாது அண்ணை."

அவர் கோபிக்கவில்லை. வேலையை இன்னொருவரிடம் கொடுத்தார். இரண்டு கிழமையில் அறிக்கை நகரசபையின் இணையத்தளத்தில் வந்தது. ஜெயமலர் திறந்து பார்த்தாள். சுவர் ஆறு அங்குலம். மூலையில், அளந்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவர் அன்புராசாவிடம் காட்டி, இதை முடிவுசெய்யும் நகரசபைக் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுபவர், நிதானமானவர்.

"ஒரு தவறணைக்காக உள்ள வேலையையும் விடப்போறீரோ?"

"தவறணைக்காக இல்லை. உதிலை என்ரை பேர் கிடக்கு."

அது பாதி உண்மைதான். அடுத்த நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டியபோது, மிச்சப் பாதி அவளுக்கே தெளிவாகியது. ஒவ்வொரு பலகையையும் யாரோ கையால் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்களே இருந்ததில்லை என்று ஒரு மெல்லிய கோடு சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் சண்முகநாதனுக்குப் போன் எடுத்தாள்.

"நாளைக்கு நான் அங்கை கதைக்கப்போறன் அண்ணை. உங்களுக்கு முதலே சொல்லவேணும்."

"அப்ப திங்கக்கிழமை வராதையும்" என்றார்.

கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அவள் நேரே எண்களில் இருந்து தொடங்கினாள். வரைபடத்தில் இருக்கும் பெயர் தன்னுடையது, அளவு தன்னுடையதல்ல என்றாள். தன்னை நம்பவேண்டாம், ஒரு சதுர அடி சுவரைத் திறந்து பார்த்தால் போதும் என்றாள்.

வாங்கியவரின் சட்டத்தரணி எழுந்தார். பழசாக இருந்தால் மட்டும் பெறுமதி வந்துவிடாது என்றார்.

"சரிதான்" என்றாள் ஜெயமலர். "முன்பக்கத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று குடிக்க வந்தவர்களுக்கு, மற்றது குடும்பத்தோடு பயணம் வந்தவர்களுக்கு. இந்தக் கிராமத்துக்கு வேறு மண்டபம் இருக்கவில்லை. வாக்களித்ததும் வழக்குப் பேசியதும் அந்த அறையில்தான் என்று பத்திரிகையில் இருக்கிறது. கிராமத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான்."

சபை முடிவைத் தள்ளிவைத்தது. மூன்று கிழமை கழித்து, எல்லாரும் நிற்க, ஒரு தச்சர் பூச்சை வெட்டி எடுத்தார். பலகைகள் தெரிந்தன. நகரசபை அதிகாரி அவற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். சட்டத்தரணி தன் போனைப் பார்த்தார்.

வசந்தத்தில் முன்பகுதியை மரபுரிமைக் கட்டடமாகப் பதிவு செய்தார்கள். பின்னால் இணைத்த பகுதியை இடிக்கலாம் என்றார்கள். பதினெட்டு வீடு பன்னிரண்டாகியது. ஜெயமலருக்கு நான்கு மாதம் வேலை இல்லை. அன்புராசா மேலதிக ஷிஃப்ட் எடுத்தார். சண்முகநாதன் பிறகு அழைக்கவே இல்லை. அந்த வருத்தம் அவளுக்குள் கிடந்தது.

திருத்த வேலைக்கு வந்த கட்டடக் கலைஞர் முழுக் கட்டடத்தையும் புதிதாக அளக்க அவளைக் கேட்டார். அவள் போன அன்று மேல்மாடியில், பிற்காலத்தில் மறைப்பாகப் போட்ட மட்டைக் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே, முழு நீளத்துக்கும் வளைந்து ஓடும் வெள்ளைப் பூச்சுக் கூரை. ஒரு காலத்தில் கிராமம் கூடி ஆடிய நடன மண்டபம் அது.

வளைவை ஒரே அளவில் எடுக்க முடியாது. சாரத்தில் ஏறி, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறிக்கத் தொடங்கினாள். மத்தியானம் வரும்போது கால்வாசிதான் முடிந்திருந்தது. இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறினாள்.