தங்கள் தகவலுக்காக

ஹைட்ருன் டீட்யென் தன் அறுபத்தோரு வயதில் ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்ததில்லை. ஈ காக்கை இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும், மழை ஊற்றும்போதும், பச்சை வரும்வரை நின்றுதான் போவாள். ஜெர்மனியின் ப்ரூஹைடெ ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்களுக்கு அது பழக்கம், இவளுக்கு அது பெருமை. அந்தப் பெருமை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊர்த் தேவாலயத்தின் அலுவலகத்தை முப்பத்திரண்டு வருடமாகக் கவனித்துக்கொள்வது ஹைட்ருன்தான். பாஸ்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் கோப்புகளில் ஒரு தாள் கோணலாக இருந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் ஆகஸ்டு மாதம் பரகாத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

பரகாத் இராக்கின் சிஞ்சார் மலைப்பக்கத்து யசீதி, பழைய சிறுபான்மை மதம் ஒன்றைச் சேர்ந்தவன். வயது இருபத்தொன்று. அவனுக்குப் பத்து வயதாகும்போது அவன் இனத்துக்கு அங்கே நடந்ததைப் பிற்பாடு இனப்படுகொலை என்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் மை காய்வதற்குள் அந்த ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலையும் ஆரம்பமாகிவிட்டது. இரண்டையும் செய்கிறவர்களுக்கு இரவில் தூக்கம் வருகிறதாம். நல்ல கட்டில்களாக இருக்கும்.

வரும் வழியில் பல்கேரியாவில் அவன் கைரேகையை எடுத்துவிட்டார்கள். முதலில் கைரேகை எடுத்த நாடே அகதி மனுவை விசாரிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் விதி. ஆறு மாதத்துக்குள் ஜெர்மனி அவனை அங்கே அனுப்ப வேண்டும். அதற்குள் அனுப்ப முடியாவிட்டால் இங்கேயே விசாரித்தாக வேண்டும். பல்கேரியாவைப் பற்றிக் கேட்டால் பரகாத் சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொள்வான். உயிரோடு மிஞ்சிய ஒரே அண்ணன் ப்ரூஹைடெயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் குடும்பத்தோடு இருக்கிறான். ஆனால் அண்ணன் கணக்கில் வராது. புருஷன், பெண்டாட்டி, சின்னப் பிள்ளைகள் என்றால்தான் சட்டத்துக்குக் குடும்பம்.

ஆறு மாதம் முடியும் நாள் நவம்பர் இருபத்தேழு. அதுவரை தேவாலயத்துக்குள் இருந்துவிட்டால் பிழைத்தான். தேவாலயத்துக்குள் போலீஸ் வருவதில்லை. அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஒரு கூச்சம், அவ்வளவுதான். அந்தக் கூச்சமும் இப்போது தேய்ந்துகொண்டு வருகிறது. இன்னொரு கூத்து, அடைக்கலம் கொடுத்த முதல் நாளே அவன் பெயரையும் அவன் தங்கும் இடத்தையும் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒளித்து வைக்கிறவர்களே முகவரியையும் எழுதிக் கொடுக்கிற ஊர் இது. அந்தக் கடிதத்தை ஹைட்ருன் மூன்று பிரதிகள் எடுத்து அனுப்பினாள்.

சபைக் கூட்டத்தில் அடைக்கலத்தை எதிர்த்துக் கை தூக்கியது கேஷெ வோலர்ஸ் மட்டும்தான். ஹைட்ருனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாய்த்துடுக்குக்காரி.

"சட்டம்னா சட்டம். நாளைக்கு நான் வரி கட்டாம வந்து பலிபீடத்துக்குப் பின்னால உக்காந்தா எனக்கும் சூப் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

ஓட்டில் தோற்றவள், அடுத்த புதன்கிழமையே பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சூப்போடு வந்து நின்றாள். பிறகு ஒரு புதன்கூடத் தவறவில்லை. ஒருநாள் சூப்போடு லெட்டூஸ் இலை சாலட்டும் கொண்டுவந்தாள். அந்த இலையை யசீதிகள் தொடமாட்டார்கள். பரகாத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

"ஏன், உங்க சாமிக்கு இலை ஆகாதா? என் முயலுக்கு இதுதான் உசிரு."

"உங்க முயல் யசீதி இல்லையே, அம்மா."

கேஷெ சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை. பரகாத்தின் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று நாளாக வலியைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறான். பத்து நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். அன்று காலை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பல் டாக்டர் ராம்கெயின் கிளினிக் சந்தைச் சதுக்கத்தில், தேவாலயத்திலிருந்து முந்நூறு மீட்டர். சீழ் வைத்திருக்கிறது, நாற்காலியும் எக்ஸ்ரேயும் இல்லாமல் கை வைக்க முடியாது, இங்கே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

பாஸ்டர் ஹின்ரிக்ஸ் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "புதன்கிழமை மத்தியானம் டாக்டர் கிளினிக்கை மூடிட்டுப் பார்க்கறேங்கறார். நான் காரைப் பின்பக்கம் கொண்டு வர்றேன். ஒரு மணி நேரம்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"திருட்டுத்தனமாவா?"

"பல்லு புடுங்கறதுக்குப் பேரு திருட்டா, டீட்யென் அம்மா?"

திருட்டு என்ற அந்தச் சொல் ஹைட்ருனை உறுத்திக்கொண்டே இருந்தது. தேவாலயங்கள் ஆட்களை ஒளிக்கின்றன, சட்டத்தை ஏய்க்கின்றன என்று தினமும் தொலைக்காட்சியில் யாராவது ஒரு கோட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் ஏய்க்கவில்லை. நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லாமல் போய்த் தெருவில் பிடிபட்டால், தப்பி ஓடினான் என்று எழுதிவிட மாட்டார்களா? சொல்லிவிட்டுப் போனால் மதிப்பார்கள். போன வருடம் எரித்ரியாக்காரப் பெண் ஒருத்தியை வயிற்று ஸ்கேனுக்குக் கூட்டிப்போனபோது இப்படித்தான் எழுதினாள். மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் கார்ஸ்டென் லூயர்ஸ் 'தகவலுக்கு நன்றி, எல்லாம் நல்லபடியாக முடியட்டும்' என்று பதில் போட்டிருந்தார். லூயர்ஸ் வேற்று மனிதர் இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். 'தங்கள் தகவலுக்காக' என்று தலைப்பு. புதன்கிழமை பகல் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை, மருத்துவக் காரணத்துக்காக மட்டும், இன்ன டாக்டர், இன்ன தெரு, இன்ன கதவு எண். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். மனது லேசானது.

புதன்கிழமை பாஸ்டர் காரில் கொண்டுபோய் விட்டார். கார் நிறுத்த இடம் தேடி அவர் சுற்றப் போக, பரகாத்தோடு ஹைட்ருன் மட்டும் உள்ளே போனாள். அவனை டாக்டர் உள்ளறைக்கு அழைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்துச் சாதாரண உடையில் ஓர் ஆணும் பெண்ணும் வந்து, வணக்கம் சொல்லி, எதிரே உட்கார்ந்தார்கள். அந்த ஆள் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் புரட்டினான். மத்தியானம் மூடியிருக்கிற கிளினிக்குக்குப் பல் வலியோடு யார் வருவார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

அந்தப் பெண் அடையாள அட்டையைக் காட்டி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "நீங்கதானே டீட்யென் அம்மா? நேரம், கதவு நம்பர் எல்லாம் தெளிவா எழுதியிருந்தீங்க. ரொம்ப உதவியா இருந்துச்சு."

பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அவர்களுடைய மனிதாபிமானம் அந்த அளவு. பரகாத் வெளியே வந்தபோது வாயில் பஞ்சு, கன்னம் மரத்திருந்தது. பேச முடியவில்லை. அவளைத்தான் பார்த்தான். இவர்களிடம் ஏதாவது சொல்லுங்கள் என்கிற பார்வை அது. எந்தத் தாளையும் எந்த அலுவலகத்தையும் சமாளிக்கிற டீட்யென் அம்மா இதையும் சமாளித்துவிடுவாள் என்று நம்பியிருக்கிறான். அவள் அவனுடைய குளிர்ச்சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் லூயர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏன் எழுதினீங்க?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"போன வருஷம் எழுதினேனே."

"போன வருஷம் கோப்பு என் மேஜையில இருந்துச்சு. ஏப்ரல்லேர்ந்து இதெல்லாம் தலைநகர்ல புது அலுவலகத்துக்குப் போயிடுச்சு. எனக்கு என்ன வந்தாலும் அன்னிக்கே அங்க அனுப்பியாகணும். புது உத்தரவு. நீங்க எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாத வரைக்கும்தான் என்னால நல்லவனா இருக்க முடியும்."

"நான் உண்மையைத்தானே சொன்னேன், லூயர்ஸ்."

"ஆமா. உங்களை யாரு கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. போலீசுக்குச் சொன்னது கேஷெ வோலர்ஸ். வேறு யார்? அன்றைக்கே கை தூக்கினவள் அல்லவா. புதன்கிழமை சூப்போடு வந்து உளவு பார்த்திருக்கிறாள். ஆராதனை முடிந்து காப்பி குடிக்கிற நேரத்தில் அவள் கொண்டுவந்த வெண்ணெய் கேக்கை ஒருவரும் தொடவில்லை. அவள் உட்கார்ந்த மேஜையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முற்போக்கான சபை என்று அந்த வட்டாரத்தில் பெயர். யார் மனதும் கோணாமல், சத்தமே இல்லாமல் ஒருத்தியைச் சாகடிக்க அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் கேஷெ அலுவலகத்துக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் செய்யலை, ஹைட்ருன். வேண்டாம்னு ஓட்டுப் போட்டேன், எல்லார் மூஞ்சிக்கும் நேரா போட்டேன். முதுகுக்குப் பின்னால போய்ச் சொல்றவ நானில்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்? யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"உன்னைத் தெரியும்னு சொன்னேன்."

"அப்ப அதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே," என்றாள் கேஷெ. ஹைட்ருன் கோப்பு ஒன்றைத் திறந்து, நேராக இருந்த தாள்களை மறுபடி நேராக்கினாள். கேஷெ போய்விட்டாள். அதன் பிறகு தேவாலயப் பக்கம் அவள் வரவேயில்லை.

சொல்லிவிடத்தான் வேண்டும் என்று ஹைட்ருன் தினமும் நினைத்தாள். பாஸ்டரிடம் சொல்லலாம். ஆனால் அவர் அவளைப் பார்த்து, நான்தான் மூச்சு விடாதீங்கன்னு சொன்னேனே என்பார். முப்பத்திரண்டு வருடமும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம். இந்த வாரம் சவ அடக்கம் இரண்டு இருக்கிறது, முடியட்டும். அவளுடைய நேர்மைக்கு இத்தனை நாள் செலவே வந்ததில்லை. முதல் தடவை வந்தபோது அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

பரகாத்தை நவம்பர் இருபத்து நான்காம் தேதி பல்கேரியாவின் சோஃபியாவுக்கு விமானம் ஏற்றினார்கள். கெடு முடிய மூன்றே நாள் இருந்தது. இருபத்தேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"டீட்யென் அம்மா, இன்னிக்குத்தானே அந்தத் தேதி?"

"ஆமாப்பா. இன்னிக்குத்தான். பல்லு எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு. டாக்டர் நல்லாப் புடுங்கினாரு." யாரோ அவனுக்குப் பின்னால் கத்துவது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. "இங்கேர்ந்து இராக்குக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்க. அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கான்."

"பார்க்கட்டும். காகிதம் ஏதாவது வேணும்னா நான் அனுப்பறேன்."

"நீங்க அனுப்புவீங்கன்னு தெரியும். நீங்க இருக்கறதால தைரியமா இருக்கு. ஒண்ணு கேக்கணும். அண்ணன் சொன்னான். அந்த வோலர்ஸ் அம்மாதான் போலீசுக்குச் சொன்னாங்களாம். என்னால நம்ப முடியல. அவங்க கொண்டு வந்த சூப்பை ரெண்டு ரெண்டு தட்டு குடிச்சேனே. நிஜமா அவங்கதானா?"

ஹைட்ருன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது. காத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் அப்படித்தான்ப்பா சொல்றாங்க," என்றாள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.