கடைசி இரண்டு இலக்கம்

திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். வயிற்றில் ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். வியாழனிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் அலமாரியைத் திறக்கத் தோன்றுகிறது.

இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை என் பொறுப்பு. நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அங்கே ஃபைல் இருக்கும் இடம். லட்சம் ஃபைலில் எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன். என் சொந்தக் காகிதங்களையும் அதே முறையில் அடுக்கினேன். பேங்க் டெபாசிட், இன்ஷூரன்ஸ் பாலிசி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அதனதன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஒட்டி மூன்று தடவை கலைத்து அடுக்கியாயிற்று.

எனக்குப் பின்னால் இதையெல்லாம் பார்க்கப் போகிறவள் என் தங்கை ஒருத்திதான். தையல்காரி. எந்தத் துணியைக் கொடுத்தாலும் தைத்துவிடுவாள், ஒரு படிவத்தை நீட்டினால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள். நான் போன பிறகு அவள் கவுன்ட்டர் கவுன்ட்டராக அல்லாடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவளை வரவழைத்து ஒத்திகை வைத்தேன். நான் செத்துப்போனதாக வைத்துக்கொள், இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தேடி எடு, என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. பைத்தியமா பிடித்திருக்கிறது என்று திட்டினாள். நான் விடவில்லை. அவளை அலமாரி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் போய் கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி கழுவினேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. உள்ளே ஃபைல்கள் சரியும் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலிசி எண் நாற்பத்தேழில் முடிகிறது, நாற்பத்தேழாம் ஃபைலை எடுக்க வேண்டியதுதானே?

அப்போதுதான் உறைத்தது. பாலிசி எண் எதில் எழுதியிருக்கிறது? பாலிசியில். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எண் போட்ட அட்டையோடு வருகிறார்கள். என் தங்கை கையில் எந்த அட்டையும் இல்லை. அத்தனை எண்களும் என் மண்டைக்குள்தான் இருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டேன் அவளை.

என் போன் அடித்தது. அவள்தான், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“அக்கா, அந்தப் பாலிசிய எங்க வச்சிருக்க?”

நான் வாய் திறக்கவில்லை.

“நீதான் இல்லையே,” என்றாள். “மறந்துட்டேன்.”

கதவைத் திறந்தேன். ஃபைல்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, காதிலிருந்து போனை எடுக்காமலே அழுதுகொண்டிருந்தாள். யார் முன்னாலும் அழாத நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். வியாழனிலிருந்து யாரிடமும் சொல்லாதது அது.

பிறகு ஃபைல்களில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகளை எல்லாம் கிழித்துவிட்டு, காகிதங்களைத் தனித்தனிப் பைகளில் போட்டேன். அவள் தையல் அளவு குறிக்கும் நோட்டை வாங்கி, அவள் போனில் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே எழுதினேன்.

“பாலிசி நீலப் பையில, மேல் தட்டுல இருக்கு. கையெழுத்துப் போடற இடத்துல பென்சில் குறி வச்சிருக்கேன். யாராவது சிடுசிடுத்தா பதறாத, திரும்பக் கேளு. மொதல்ல சாப்பிட்டுட்டுக் கெளம்பு.”

டெபாசிட்டுக்கு ஒரு பக்கம், பத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி முடிக்க இருட்டிவிட்டது. அவள் முழுதும் படித்துவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

“திங்கக்கெழம சாயங்காலம் கூப்பிடுவேன். எடுப்பல்ல?”

எடுப்பேன் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.