அதே பாட்டுக்கு இன்னொரு மெட்டு

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் அந்தப் பழைய பாட்டு தொடங்கியதும் அக்கா எழுந்துவிடுவாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வெளியே போவாள். பாட்டு முடிந்த பிறகுதான் திரும்புவாள். இரண்டு வருடமாக இப்படித்தான். அத்தானின் சவப்பெட்டியைக் கோயிலிலிருந்து தூக்கியபோது பாடியது அந்தப் பாட்டு.

அவள் எழுந்து போவது கீபோர்டில் இருக்கும் தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணில் படும். வார நாட்களில் அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நாள் முழுக்க பல் டாக்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு ஊரையே வாயைத் திறக்கச் சொல்றே. கோயில்ல நீ மட்டும் மூடிக்கிறியே," என்றான் ஒருநாள்.

அக்கா சிரித்தாள். "வார்த்தை எனக்கு வேணும்டா. வீட்ல தினமும் எடுத்துப் படிக்கிறேன். ஆனா அந்த ராகம் கேட்டாலே பெட்டியைத் தூக்குற மாதிரி இருக்கு."

வார்த்தைகளில் கைவைக்காமல் அவன் புது மெட்டுப் போட ஆரம்பித்தான். சரணத்துக்கு நான்கு வரி, மொத்தம் ஐந்து சரணம். பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிகளைத் துடைத்துக்கொண்டே பாடிப் பார்ப்பான். அந்த நீளமான குழி அவன் குரலைச் சற்றுத் தாமதமாகத் திருப்பித் தரும்.

பாடகர் குழுத் தலைவருக்குத் 'தாளம்' என்று பட்டப்பெயர். எதிரே மேசை கிடைத்தால் மேசை, இல்லாவிட்டால் தன் தொடை என்று தட்டிக்கொண்டே இருப்பவர். அவருக்கு மெட்டு பிடித்திருந்தது. ஒத்திகையில் எல்லாரும் முதல் இரண்டு வரிகளை ஒழுங்காகப் பாடினார்கள். மூன்றாவது வரியில் அத்தனை பேரும் பழைய ராகத்துக்குப் போய்விட்டார்கள். மறுபடியும் பாடினார்கள். மறுபடியும் அதேதான்.

"லிஃப்ட்காரன் மெட்டு மூணாவது மாடியிலயே நின்னுடுதேப்பா!" என்றார் தாளம்.

பழைய ராகம் ஏறுகிற இடத்திலேயே புதியதும் ஏறியதுதான் சிக்கல். மறுநாள் லிஃப்ட் குழியில் இரண்டாவது வரியைப் பாடிவிட்டு, தன் குரல் திரும்பி வந்து அடங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மூன்றாவது வரியைத் தணிந்த குரலில் எடுத்தான். சரியாக உட்கார்ந்தது.

"இங்க ஒரு தட்டு சும்மா இருங்க. அப்புறம் கீழேயிருந்து எடுங்க," என்றான் அடுத்த ஒத்திகையில்.

"நம்ம ஆளுங்களுக்குப் பாடுறது சுலபம். சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்," என்றார் தாளம். ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அக்காவிடம் சொன்னான். "நாளைக்கு உட்கார்ந்து கேளு."

"பிடிக்கலைன்னா?"

"வழக்கம்போல தாகம் எடுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் சரணத்தைக் குழு தனியாகப் பாடியது. அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சரணத்தில் சபையும் சேர்ந்துகொண்டது. அவள் உதடு அசைவதை அவன் பார்த்தான்.

மூன்றாவது சரணத்தின் மூன்றாவது வரியில் பின்வரிசைக்காரர்கள் பழைய ராகத்துக்குத் தாவினார்கள். ஒத்திகைக்கு வராத அவர்கள் கூட்டம்தான் பெரிது. குழுவும் அவர்களோடு இழுபட்டது. தாளம் தூணைத் தட்டியும் பலனில்லை. அக்காவின் கை பையின் வாரைப் பிடித்தது. அவன் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துவிட்டான். துணையில்லாத பாட்டு அரை வரியில் தடுமாறி நின்றது.

ஒரு தட்டு அமைதி. பிறகு ஒரு குரல் மட்டும் கீழேயிருந்து, புது மெட்டில், மூன்றாவது வரியை எடுத்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்த அக்கா, வாசல் பக்கம் திரும்பாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவன் அவசரமாக அவள் சுருதியைத் தேடிப் பிடித்தான். தாளம் கையை உயர்த்த, சபை அவள் பின்னால் வந்தது. ஐந்தாவது சரணத்தில் ஒருவரும் வழி தவறவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "டேய், இங்க தண்ணி எங்கடா இருக்கு? தொண்டை காஞ்சு போச்சு."

"ரெண்டு வருஷமா போய்க் குடிச்சிட்டு வந்தவ நீதானே!"

"குடிச்சிருந்தாத்தானே குழாய் எங்கன்னு தெரியும்," என்றாள் அக்கா.